பூட்டனாரும் பூட்டிய பீரோவும்

முத்துக்குளித்துறையில் எந்த ஊருக்குப் போய் உட்கார்ந்தாலும் ஒரு கதை கிடைக்கும். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் சவேரியார் கையாலயே ஞானஸ்நானம் வாங்கினவரு." மணப்பாட்டிலும் இதே கதைதான், வீரபாண்டியன்பட்டினத்திலும் இதே கதைதான். எல்லாருடைய கணக்கையும் கூட்டிப் பார்த்தால் பாவம், அந்த மனுஷனுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது :-)

கதை முழுப் பொய்யும் இல்லை. சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542இல். ஆனால் பரதவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன்பே, 1535-37 வாக்கிலேயே, போர்ச்சுகீசியச் சாமியார்களிடம் ஞானஸ்நானம் வாங்கிவிட்டார்கள். சவேரியார் வந்து ஜெபம் சொல்லிக்கொடுத்தார், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பிறகு திருவிதாங்கூர்க் கரைக்குப் போனார். அங்கே ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அதே கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அவரவருடைய புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுத்துவிடுவாராம். கவனியுங்கள், எழுதிய சீட்டு வாங்கியவர் கையில் போய்விட்டது. காமர்ஸ் வகுப்பு பாஷையில் சொன்னால் ரசீது கிழித்துக் கொடுத்தாயிற்று, அடிக்கட்டை இல்லை. அந்தப் பத்தாயிரம் பேரில் யார் யாருடைய பூட்டன் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு வந்த தலைமுறைகளுக்கு அடிக்கட்டை உண்டு. அதுதான் கோயிலில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு. நம்மூரில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்த ஒரு கூலிக்காரரின் பெயரை, அவருடைய அம்மாவின் பெயரோடு சேர்த்து, எழுத்தில் பார்க்க வேண்டுமென்றால் வேறு எங்கே போவது? 1871இலிருந்து மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். ஆனால் தலையை எண்ணினார்களே தவிர, பெயர்களை வைத்திருந்து நமக்குக் கொடுக்கவில்லை. நிலப் பத்திரத்தில் நிலம் வைத்திருந்தவர் பெயர் இருக்கும். நிலமே இல்லாதவர் எந்தப் பத்திரத்தில் இருப்பார்? பிறப்பு, இறப்பைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் வந்ததே 1969இல்தான். கோயில் புத்தகத்தில் மட்டும் பண்ணையாருக்கும் ஒரு வரி, அவரிடம் வேலை செய்தவருக்கும் ஒரு வரி. இந்த ஒரு காரணத்துக்காகவே கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இந்தப் புத்தகங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

ஆனால் அந்தப் புத்தகம் இன்று எங்கே இருக்கிறது? பங்குத்தந்தையின் அறையில் ஒரு பீரோவுக்குள். பல ஊர்களில் ஒரே ஒரு பிரதிதான். கூடவே கரையான், மழைக்காலத்து ஈரம், இரும்பு மசி (அந்தக் காலத்து மசி காகிதத்தையே அரித்துத் தின்னும்), நல்ல எண்ணத்தோடு யாரோ ஒட்டிய செல்லோ டேப்... இப்போது இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கும்பெனி காலத்தில் சென்னை மாகாணத்து சர்ச்சுகளில் ஞானஸ்நானம் பெற்ற வெள்ளைக்காரக் குழந்தைகளின் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்த நகல்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கணிசமான பகுதி இணையத்திலும் ஏறிவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சில் 1680இல் நடந்த முதல் கல்யாணம் யாருடையது என்று இன்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எலிஹு யேல், பின்னால் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். துரைமாருக்கு இரண்டு பிரதி. மீனவனுக்கும் விவசாயிக்கும் ஒரே பிரதி, அதையும் கரையான் ஒரு பக்கம் படித்துக்கொண்டிருக்கிறது.

சரி, புத்தகம் கையில் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து வருவது அதைவிடப் பெரிய சிக்கல், படிக்கத் தெரிவது. வம்ச வரலாறு தேடுபவர்களில் பாதிப்பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். அவர்கள் பெருமையைத் தேடிப் போகிறார்கள். புத்தகமோ பெருமைக்காக எழுதப்பட்டது இல்லை.

எந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலும் ஆடிட்டர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இதை யார், எதற்காக எழுதினார்கள்? ஞானஸ்நானத்தைப் புத்தகத்தில் எழுதி வை என்று கத்தோலிக்கத் திருச்சபை உலகம் முழுவதற்குமாகச் சட்டம் போட்டது 1563இல், திரிதெந்தீன் பொதுச்சங்கத்தில். (இங்கிலாந்தில் அரசாங்கமே 1538இல் உத்தரவு போட்டுவிட்டது, பிரான்சில் 1539இல்.) எதற்காக என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கல்யாணத்தைத் தடுக்க! ஞானத்தந்தையாக நின்றவருக்கும் அந்தக் குழந்தைக்கும், அவருக்கும் குழந்தையைப் பெற்றவருக்கும் "ஞான உறவு" உண்டாகிறது, அவர்களுக்குள் கல்யாணம் கூடாது என்பது அன்றைய சட்டம். யாருக்கு யார் ஞானப்பெற்றோர் என்று எழுதி வைக்காவிட்டால் இருபது வருஷம் கழித்துச் சாமியார் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதற்குத்தான் புத்தகம். நம்முடைய பூட்டனாருக்கு நினைவுச்சின்னம் எழுப்ப அல்ல.

இது புரிந்துவிட்டால் புத்தகத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதும் புரிந்துவிடும். சாமியாருக்கு எது முக்கியமோ அது சரியாக இருக்கும். ஞானஸ்நானம் கொடுத்த தேதி, கொடுத்தவர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், பெற்றோருக்கு முறைப்படி கல்யாணம் ஆகியிருந்ததா இல்லையா என்பது. இவையெல்லாம் அவருடைய கண் முன்னால் நடந்தவை அல்லது அவருக்குத் தேவையானவை. பிறந்த தேதி அப்படி இல்லை. அது பெற்றவர்கள் வாயால் சொன்னது. சாமியார் அதே ஊரில் குடியிருந்தால் பிறந்து சில நாட்களில் ஞானஸ்நானம் நடந்திருக்கும். கிளைக் கிராமம் என்றால் அவர் குதிரையிலோ மாட்டுவண்டியிலோ வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் பிறந்தது "ஆடிக்கு முன்னாடி" என்று மங்கிப்போயிருக்கும். ஆகவே ஞானஸ்நானத் தேதியைத் தூக்கிப் பிறந்த தேதி என்று குடும்ப மரத்தில் எழுதுவது வவுச்சர் தேதியையும் சரக்கு வந்த தேதியையும் ஒன்றாக்குவது போலத்தான்.

அடுத்தது பெயர். இங்கேதான் பெரிய குழப்பம், சுவாரசியமும் இங்கேதான். பழைய கத்தோலிக்கப் பதிவேடுகள் பல லத்தீனில் எழுதப்பட்டவை. வீட்டில் ராயப்பன் என்று கூப்பிட்ட பையன் புத்தகத்தில் பெத்ருஸ். சின்னப்பன் என்றால் பவுலுஸ். அருளப்பன் யோவான்னஸ், சூசை யோசேபுஸ், சந்தியாகு யாக்கோபுஸ், ஞானப்பிரகாசம் அலோசியுஸ். விஷயம் தெரியாமல் போய் "சின்னப்பன்னு யாருமே இல்லையே" என்று திரும்பி வருபவர்கள் உண்டு. பாவம், சின்னப்பன் முதல் பக்கத்திலேயே பவுலுஸாக உட்கார்ந்திருப்பார்.

பெயரே ஊருக்கு வழிகாட்டுவதும் உண்டு. அடைக்கலம் என்ற பெயர் அடிக்கடி வந்தால் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவை நினைக்கலாம். ஆரோக்கியம் என்றால் வேளாங்கண்ணி. பெரியநாயகி என்றால் கோணாங்குப்பம். இது நிரூபணம் இல்லை, தடயம் மட்டுமே. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு எந்த ஊர்க்காரரும் பெயர் வைக்கலாம். ஆனால் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அடைக்கலமும் அடைக்கலமேரியும் வந்துகொண்டே இருந்தால் ஒருதடவை அரியலூர்ப் பக்கம் போய் விசாரித்துவிட்டு வருவதில் தப்பில்லை.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது தனித் தலைவலி. ஐரோப்பாவில் ஒரு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு முந்நூறு வருஷம் பின்னால் போய்விடலாம். இங்கே சவரிமுத்து மகன் அந்தோணி, அந்தோணி மகன் சவரிமுத்து, மறுபடியும் சவரிமுத்து மகன் அந்தோணி. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் புத்தகமே சுற்றிச் சுற்றி வரும். அதே பெற்றோருக்கு இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு சூசை பிறந்திருந்தால் எழுதினவர் தப்பு செய்துவிட்டார் என்று அவசரப்படக் கூடாது. அடக்கப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். முதல் சூசை பெரும்பாலும் அங்கே இருப்பான். அந்தப் பெயர் வீட்டில் இல்லாமல் போய்விடக் கூடாது என்று அடுத்த குழந்தைக்கும் அதையே வைத்திருப்பார்கள். இப்படி ஒரு வரியைப் பார்த்த பிறகு "எங்க தாத்தா மூத்த பிள்ளை" என்ற குடும்பக் கதை கொஞ்சம் ஆட்டம் காணும். மூத்தவன் வேறு ஒருவன். பேசத் தொடங்கும் முன்பே போய்விட்டவன், யாரும் நினைவில் வைக்காதவன்.

ஒரே பெயர்க்காரர்கள் பத்துப் பேர் இருக்கும் ஊரில் உங்களுடைய அந்தோணி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஞானப்பெற்றோரைப் பாருங்கள். வம்சம் தேடுகிறவர்கள் இந்த ஒரு கட்டத்தைத்தான் அலட்சியமாகத் தாண்டிப் போகிறார்கள், ஆனால் புத்தகத்திலேயே அதிக விஷயம் உள்ள கட்டம் இதுதான். ஞானத்தந்தை என்று யாரோ வழிப்போக்கரையா கூப்பிடுவார்கள்? அம்மாவின் அண்ணன், அப்பாவின் தங்கை, பக்கத்து வீட்டுப் பங்காளி, சில சமயம் முதலாளி. ஒரே தம்பதிக்குப் பிறந்த ஆறு குழந்தைகளின் ஞானப்பெற்றோர் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். அம்மாவின் பிறந்தகம் தானாகவே மேலே வரும். யாருமே கிடைக்காமல் எல்லாக் குழந்தைகளுக்கும் உபதேசியாரே ஞானத்தந்தையாக நின்றிருந்தால், அந்தக் குடும்பம் ஊருக்குப் புதிதாக வந்ததாகவோ, சொந்தபந்தம் இல்லாமல் நின்றதாகவோ இருக்கலாம்.

பெண்கள் விஷயம்தான் இதில் மிகவும் மனதைத் தொடுவது. நம் வீடுகளில் வரையப்படும் குடும்ப மரங்களைப் பார்த்தால் பெண் பிள்ளைகளே பிறக்காத வம்சம் போலிருக்கும். கட்டிக்கொடுத்ததோடு சரி, மரத்திலிருந்து கிளை வெட்டியாயிற்று. ஞானஸ்நானப் புத்தகத்தில் 1908க்குப் பிறகு ஒரு மாற்றம் வருகிறது. கல்யாணம் எங்கே நடந்தாலும் அதை மணமக்களின் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று ரோம் 1907இல் ஓர் ஆணை போட்டது, அடுத்த வருஷம் ஈஸ்டரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஒருவர் இரண்டு இடத்தில் இரண்டு கல்யாணம் செய்யாமல் தடுக்கத்தான் இதுவும். கணக்குப் பாடத்தில் ஒரு பதிவுக்கு எதிர்ப்பதிவு போடுவார்களே, அதேதான். திண்டுக்கல் பக்கத்தில் பிறந்த ஒரு மரியாள் தஞ்சாவூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனால், அந்த ஊர்ச் சாமியார் இந்த ஊர்ச் சாமியாருக்குத் தகவல் எழுத, இவர் மரியாளின் பிறப்பு வரிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் குறித்து வைப்பார். எந்த நாள், எந்தக் கோயில், யாரை என்று. வீட்டில் எல்லாரும் மறந்துபோன அத்தைப்பாட்டி ஓரத்தில் பத்திரமாக இருப்பாள். தகவல் அனுப்பச் சோம்பல்பட்ட சாமியார்களும் இருந்தார்கள் என்பதால் எல்லா வரிக்கும் ஓரக்குறிப்பு இருக்காது. இருக்கும் இடத்தில் அது பொக்கிஷம்.

ஞானஸ்நானப் புத்தகத்தோடு கல்யாணப் புத்தகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அத்தை மகள், மாமன் மகள் என்று கட்டுவது நம் வழக்கம். திருச்சபைச் சட்டப்படி அது தடை செய்யப்பட்ட உறவு, விதிவிலக்கு வாங்கினால்தான் தாலி. எந்தப் படி உறவுக்கு விதிவிலக்கு என்பதைப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். "இரண்டாம் படி" என்று பழைய கணக்கில் எழுதியிருந்தால் மணமக்களின் பெற்றோரில் இருவர் உடன்பிறந்தவர்கள் என்று அர்த்தம். மூன்றாம் படி என்றால் பாட்டன் பாட்டிமாரில் உடன்பிறப்பு. அதாவது, சட்டம் எந்த உறவைத் தடுக்கப் பார்த்ததோ அதே உறவைச் சட்டமே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

எந்தக் கோயிலில் தேடுவது என்பதும் நேரான கேள்வி இல்லை. இன்று பங்காக இருக்கும் ஊர் நூறு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பங்கின் கிளையாக இருந்திருக்கும். புத்தகம் தாய்ப்பங்கில் இருக்கும். மறைமாவட்டங்களும் அப்படியே. தூத்துக்குடி 1923இல் வந்தது, கோட்டாறு 1930இல், மதுரை 1938இல், சிவகங்கை 1987இல். போதாததற்கு ஒரு காலத்தில் கோவாவைச் சேர்ந்த பதுரவாதோ சாமியார்களுக்கும் ரோம் நேரடியாக அனுப்பிய சாமியார்களுக்கும் எல்லைச் சண்டை. சில ஊர்களில் இரண்டு கோயில், இரண்டு சாமியார், இரண்டு புத்தகம். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு புத்தகத்திலும் தம்பி இன்னொன்றிலும் இருக்கலாம். 1917ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு வருஷமும் பங்குப் புத்தகத்தின் நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்பச் சொன்னது. ஊரில் புத்தகம் போய்விட்டது என்று கையை விரித்தால் ஆயர் இல்லத்தில் கேட்டுப் பார்க்கலாம். சீர்திருத்த சபைக்காரர்களுக்குச் சேகரத்தில் குருவானவரிடம் இருக்கும் புத்தகம். தரங்கம்படி லுத்தரன் சபையில் முதல் ஞானஸ்நானம் 1707இல் நடந்தது, வாங்கினவர்கள் ஐந்து பேரும் அடிமைகள்.

எவ்வளவு தேடினாலும் ஓர் இடத்தில் சுவர் வரும். பெரியவர்களாகி மனம் மாறினவர்களின் பதிவு அது. தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி 1877-78இல் திருநெல்வேலிப் பகுதியில் கூட்டம் கூட்டமாகச் சபையில் சேர்ந்தார்கள். அப்படிச் சேர்ந்த ஒருவருடைய வரியில் புதுப் பெயர் இருக்கும், சில சமயம் பழைய பெயர் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் தகப்பனின் பெயரும் இருக்கும். அதோடு பாதை முடிந்தது. அதற்குப் பின்னால் போகிறேன் என்று சொல்லி "நாங்க அந்தக் காலத்துல ராஜ வம்சம்" என்று எழுதுபவர்கள் எழுதட்டும். அந்த வரிக்கு ஆதாரம் புத்தகத்தில் இல்லை. பஞ்சத்தில் பிழைத்துக் கிடந்த ஒருவர், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊரார் என்ன சொல்வார்களோ என்று தெரியாமல் ஒரு கோயில் வாசலில் போய் நின்றார். இதைவிட ராஜ வம்சம் எந்த விதத்தில் உசத்தி?

இப்போது யாரும் பேச விரும்பாத கட்டத்துக்கு வருவோம். பழைய பதிவேடுகள் பலவற்றில் பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதப்பட்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றினதோடு எல்லாரும் ஒன்று என்று பிரசங்கம் செய்தவர்களே பேனாவை எடுத்ததும் சாதியை எழுதினார்கள். புத்தகத்தை வெளியே காட்டத் தயங்குவதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சண்டை வரும், பழசு எதற்கு என்று. இந்த வாதம் மொக்கை. சாதியை எழுதியது புத்தகத்தின் குற்றம் இல்லை. தனித்தனி வரிசை, தனித்தனிக் கல்லறை என்று நடந்ததற்குச் சாட்சியே அந்தக் கட்டம்தான். அதைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டால் "எங்க சபையில அப்படியெல்லாம் எப்பவுமே கிடையாது" என்று நாளைக்கு யாராவது கூசாமல் சொல்வார்கள், மறுக்க ஒரு தாளும் இருக்காது.

ஆனால் தயக்கத்துக்கு நியாயமான காரணம் ஒன்றும் உண்டு, அதை அலட்சியம் செய்யக் கூடாது. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. புதுச்சேரியில் அரசு எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணின் வழக்கு. அப்பா இந்துக் குடும்பம், அம்மா கிறிஸ்தவர். தான் இந்துவாகவே வாழ்வதாக அந்தப் பெண் சொன்னார். கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதற்கான கோயில் பதிவு அவருக்கு எதிரான முக்கிய ஆதாரங்களில் ஒன்றாக நின்றது. சான்றிதழ் கிடையாது என்று தீர்ப்பானது. தீர்ப்பு சரியா தவறா என்பது தனி விவாதம். இங்கே பார்க்க வேண்டியது, பேசத் தெரியாத வயதில் பெற்றவர்கள் செய்த ஒரு சடங்கின் ஒற்றை வரி முப்பது வருஷம் கழித்து ஒருவருடைய பிழைப்பைத் தீர்மானிக்கிறது என்பதுதான். அப்படியானால் உயிரோடு இருப்பவர்களின் வரியை எவனோ கேட்டான் என்று புரட்டிக் காட்ட முடியுமா? காட்டவே கூடாது. முறைகேடாகப் பிறந்தது என்று எழுதப்பட்ட குழந்தைகளின் வரிகளுக்கும் இதே பேச்சுதான்.

ஆகவே நடுவில் ஒரு கோடு போட வேண்டும். நூறு வருஷத்துக்கு உட்பட்ட பதிவுகள் பூட்டியே இருக்கட்டும், சம்பந்தப்பட்டவர் கேட்டால் அவருடைய வரிக்கு மட்டும் நகல். (தன் நிலை குறித்த ஆவணத்தின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை 1983ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது, யாரும் தயவு செய்ய வேண்டியதில்லை.) நூறு வருஷத்துக்கு முந்தையவை திறக்கட்டும். இப்போது பெரும்பாலான இடங்களில் நடப்பது நேர்மாறு. நேற்றைய பதிவு, நூற்றைம்பது வருஷப் பதிவு இரண்டுமே பங்குத்தந்தையின் மனநிலையைப் பொறுத்தது. நல்ல மனநிலையில் இருந்தால் மொத்தப் புத்தகத்தையும் மேஜையில் வைத்துவிட்டுப் பூசைக்குப் போய்விடுவார். இல்லாவிட்டால் "அதெல்லாம் பார்க்க முடியாதுப்பா." இரண்டுமே தப்பு.

எல்லாப் புத்தகங்களையும் சேகரித்துத் தலைநகரத்தில் ஒரு பெரிய கட்டடத்தில் வைத்துவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அவர்கள் அயர்லாந்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஆங்கிலிக்கன் சபைப் பதிவேடுகளில் பெரும்பங்கு டப்ளின் அரசு ஆவணக் காப்பகத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டிருந்தது. 1922இல் உள்நாட்டுப் போரில் அந்தக் கட்டடம் தீப்பற்றி எரிந்து, 19ஆம் நூற்றாண்டின் மக்கள்தொகைக் கணக்குத் தாள்களோடு அவையும் போயின. ஏழைக் கத்தோலிக்கரின் பதிவேடுகளை யாரும் மதித்துக் கேட்காததால் அவை ஊர் ஊராகக் கோயில்களிலேயே கிடந்தன, பிழைத்தன. பிறகு 1950களில் அயர்லாந்து தேசிய நூலகம் ஊர் ஊராகப் போய் அவற்றை மைக்ரோஃபிலிம் எடுத்தது. 2015 ஜூலையில் 3,70,000க்கும் மேற்பட்ட பக்கப் படங்களை இலவசமாக இணையத்தில் போட்டது. பெரும்பாலும் 1880 வரைக்கும், அதற்குப் பிந்தையவை கிடையாது. மூலம் கோயிலிலேயே, படம் எல்லாருக்கும், நடுவில் ஒரு கோடு. நமக்கு வேறு முன்மாதிரி தேவையா?

வத்திக்கான் தடுக்கிறதே என்று ஒரு பதில் வரும். 2008இல் ரோமிலிருந்து ஆயர்களுக்கு ஒரு கடிதம் போனது உண்மை. அது அமெரிக்காவில் யூட்டாவைச் சேர்ந்த மார்மன் சபையின் வம்ச வரலாற்றுச் சங்கத்துக்குப் பங்குப் பதிவேடுகளைக் கொடுக்காதீர்கள் என்ற கடிதம். இறந்துபோனவர்களின் பெயரில் அவர்கள் ஞானஸ்நானம் நடத்துவதுதான் பிரச்சினை. வெளியாருக்குக் கொடுக்காதே என்றால் நாமே படம் எடுத்து வைக்காதே என்று அர்த்தமா? பழைய புத்தகங்களைக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்று 1983ஆம் வருஷச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

செலவும் ஒரு பெரிய தொகை இல்லை. ஒரு நல்ல செல்போன், அதைப் பிடித்துவைக்க ஒரு தாங்கி, ஜன்னலோர வெளிச்சம், பொறுமையான நாலு கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு ஹார்டு டிஸ்க். ஒரு டிஸ்க் பங்கில், ஒன்று ஆயர் இல்லத்தில். கோயில் திருவிழாவுக்குப் போடும் சீரியல் செட் செலவில் ஒரு பங்கின் புத்தகங்கள் மொத்தத்தையும் படம் எடுத்துவிடலாம். கோடை விடுமுறையில் கோயிலில் விவிலிய வினாடி வினா நடத்துகிற இளைஞர் இயக்கங்கள் ஒரு வருஷம் இதைச் செய்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் :-)

பி.கு: தேடிப் போகிறவர்கள் "எங்க பூட்டனார் பெயர் அந்தோணி" என்று மட்டும் போய் நிற்காதீர்கள். அப்பாவுக்கு எந்தக் கோயிலில் கல்யாணம் நடந்தது, தாத்தாவுக்கு எங்கே, ஆச்சியின் பிறந்த ஊர் எது, அவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதை வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை போகாதீர்கள், சாமியாருக்கு நேரம் இருக்காது. செவ்வாய், புதன் நல்லது. முதலில் கோயில்பிள்ளையிடம் பேசுங்கள். எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.